பென்சில் பாட்டிக்கு நன்றி

ஆங்கிலம் கற்பிப்பதற்காக நானும் என் கணவரும் நாகசாகிக்கு வந்த முதல் ஞாயிறு, உராகமி பேராலயத்தில் திருப்பலிக்குப் போனோம். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டில் இடிந்து, 1959-இல் மீண்டும் எழுந்த ஆலயம் அது. கையில் கொடுத்த அறிவிப்புத் தாள் முழுக்க கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள். எங்களுக்கோ ஒலியைக் குறிக்கும் எளிய ஹிரகானா எழுத்துகள் மட்டும்தான் தெரியும், அதுவும் எழுத்துக்கூட்டித்தான்.

பக்கத்தில் வெள்ளை முக்காடிட்ட ஒரு பாட்டி. எதுவும் கேட்கவில்லை, பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு கான்ஜியின் தலையிலும் எறும்பு போல ஹிரகானா எழுதி, தாளை என் மடியில் வைத்தார். பிறகு தேநீருக்கு அழைத்துப் போனார். திரும்பும்போது, வாசலில் தாறுமாறாகக் கழற்றிப் போட்ட எங்கள் செருப்புகள் வெளிப்பக்கம் பார்த்து ஜோடியாக நின்றன. வெட்கமாகிவிட்டது.

அன்று முதல் வாராவாரம் பென்சில் எழுதிய தாள் எங்களுக்காகக் காத்திருக்கிறது. பெயர் கேட்க இன்னும் கூச்சம். எங்களுக்கு அவர் ‘ஒபாசான்’, அதாவது பாட்டி.

மிக்க நன்றி, பாட்டி. நான் ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னால் நீங்கள் சிரித்தபடி ‘சாங்க்யூ’ என்கிறீர்கள். ஆங்கில ஆசிரியையாக இருந்தும் அந்த உச்சரிப்பை மட்டும் நான் திருத்தப் போவதில்லை.