நேர்வழியை விட்டு விலகிப் போ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இரவுப் பணி ஒரு வழியாக ஒழிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனியாவது வேளைக்குத் தூங்கு. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. இங்கே எல்லோரும் நலம். கமலாவுக்குத் தேர்வு நெருங்குவதால் பெரிய திரை அவள் வசம் போய்விட்டது. ராத்திரி அவள் படித்து முடித்த பிறகுதான் எனக்கு விண்வெளி.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி ஆட்டத்தில் பால்வீதியின் மையத்தை நோக்கிக் கிளம்பினாயாம், எந்தக் கோளின் விவரத்தைத் திறந்தாலும் முதலில் கண்டவர் என்று எவனோ ஒருவன் பெயர் இருக்கிறதாம். பின்னே, இருக்காதா? 2014 கடைசியில் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து, கையில் ஒரு நல்ல கப்பல் சிக்கிய ஒவ்வொருவனும் மையத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் கருந்துளையைப் பார்க்கத்தான் ஓடுகிறான். சூரியனிலிருந்து ஏறக்குறைய 25,900 ஒளியாண்டு. வழி போட்டுத் தரும் கணினி எல்லோரையும் கிட்டத்தட்ட ஒரே தடத்தில்தான் இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தடத்தில் உனக்கென்று என்ன மிஞ்சியிருக்கும்? ஆனால் இந்த ஆட்டத்துப் பால்வீதியில் சுமார் 40,000 கோடி விண்மீன் அமைப்புகள் உண்டு. இத்தனை வருடத்தில் எல்லோரும் சேர்ந்து எட்டிப் பார்த்தது அதில் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

அதனால் நீ செய்ய வேண்டியது, பால்வீதித் தட்டின் தளத்திலிருந்து சில நூறு ஒளியாண்டு மேலேயோ கீழேயோ நகர்ந்துவிட்டு, அப்புறம் போகும் திசையைப் பிடிப்பது. பெயர்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுவிடும். எது மேல் எது கீழ் என்று குழம்பினால் வானத்தைப் பார். மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு பக்கத்து விண்மீன் மண்டலங்களும் தட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் தெரியும். ரொம்பவும் விலகிவிடாதே, விண்மீன்கள் அடர்த்தி குறைந்து அடுத்த ஜம்ப்புக்கு, அதாவது விண்மீன் விட்டு விண்மீன் தாவ, இடமில்லாமல் நிற்க நேரிடும்.

வரைபடத்தில் விண்மீன் வகைப்படி வடிகட்ட முடியும், அதைத் தொடு. விண்மீனிலிருந்து கப்பலுக்கு எரிபொருள் உறிஞ்ச ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகையும் உதவும். பூமி போன்ற கோள் வேண்டுமென்றால் எஃப், ஜி, கே மட்டும் வைத்துக்கொள். இன்னொரு தந்திரம், அமைப்பின் பெயரையே படிப்பது. கொலோனியா என்ற அமைப்பின் பழைய பெயர் ஈயோல் ப்ரூ ஆர்எஸ்-டி டி3-94. கடைசித் துண்டில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கிறதே, அது நிறைக்கான குறி. ஏ என்றால் முழு விண்மீனாக எரிய நிறை போதாத சின்னஞ்சிறு பழுப்புக் குள்ளன்கள்தான் பெரும்பாலும், ஹெச் என்றால் கருந்துளை வகையறா. நான் சி, டி இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கொலோனியா பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். 2016இல் ஜாக்ஸ் என்ற விண்வெளி நிலையம் பால்வீதியின் மறுகோடியில் இருக்கும் பீகிள் பாயிண்ட்டுக்குத் தாவப் பார்த்து, வழி தவறி, சூரியனிலிருந்து 22,000 ஒளியாண்டு தள்ளி எங்கேயோ விழுந்தது. ஆட்டக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்து, பழுது பார்த்து, அதைச் சுற்றி ஒரு குடியேற்றத்தையே எழுப்பிவிட்டார்கள். ஒரு நிலையமே தொலைகிறது, நீ ஒரு கோளைத் தவறவிட்டதற்கு வருத்தப்படுகிறாய்!

இப்போது முக்கியமான இடம். நீ ஒவ்வொரு கோளுக்கும் பறந்து போய்ப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். 2018 டிசம்பரில், தூரத்திலிருந்தே கோள்களை ஆராயும் முழு அலைவரிசை ஸ்கேனர் வந்த பிறகு அந்த வேலை தேவையில்லை. ஜம்ப் முடிந்து விண்மீன் முன்னால் வந்ததும் முதலில் ஹாங்க் அடி, அதாவது அமைப்பு முழுவதையும் ஒரே வீச்சில் துழாவும் கருவியை இயக்கு. எத்தனை கோள்கள், துணைக்கோள்கள் என்று தெரிந்துவிடும். கப்பலைத் தவழவிட்டு ஸ்கேனரைத் திற. கீழே ஒரு அலைப் பட்டை ஓடும், அதில் ஆங்காங்கே மேடுகள். பழைய ரேடியோவில் நிலையம் பிடிப்பதுபோல முள்ளை மெதுவாக நகர்த்தி ஒரு மேட்டில் நிறுத்தினால், அந்த வகைக் கோள்கள் நீலப் பொட்டுகளாக வானத்தில் தெரியும். பொட்டைக் குறிவைத்து உள்ளே போ. வாயுப் பெருங்கோள், பனிக்கோள், நீர்க்கோள் என்று ஒவ்வொரு வகைக்கும் பட்டையில் ஒரு இடம், ஒரு வடிவம், ஒரு ஓசை. பழகிவிட்டால் படம் தெளிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதுதான் ஆட்டத்திலேயே பிடித்த பகுதி, பறப்பதைவிட. கமலாவுக்கு இது தூக்கம் வரவழைக்கும் சமாச்சாரம்.

அதில் தேறியதற்கு மட்டும் கிட்டப் போய் மேப்பிங் செய், அதாவது மேற்பரப்பை வரைபடமாக்கு. கோளைத் தாண்டித் தாண்டிப் போய்விடுகிறேன் என்றாயே, ஈர்ப்பு வேலையைக் காட்டுவதற்கு முன் நீ வேகத்தைக் குறைக்க வேண்டும். திரையில் சேரும் நேரம் 7 விநாடி என்று காட்டும்போது வேகக் கைப்பிடியான த்ராட்டிலை முக்கால் பங்குக்கு இறக்கு. மீதியைக் கப்பலே பார்த்துக்கொள்ளும். ஒன்று சொல்லிவிடுகிறேன், பூமி போன்ற கோளில் இறங்க முடியாது, பார்க்க மட்டும்தான். இறங்க ஆசையாக இருந்தால் வளையமுள்ள வாயுக்கோளைச் சுற்றும் பாறைத் துணைக்கோள் ஒன்றைத் தேடு.

இதெல்லாம் வெறும் பகடை என்று நீ சொன்னதை நான் ஏற்கமாட்டேன். எங்கே எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் இந்த ஆட்டம் தன் விண்மீன்களை உண்டாக்குகிறது. 2017 பிப்ரவரியில் ட்ராப்பிஸ்ட்-1ஐச் சுற்றி ஏழு கோள்கள் என்று நாசா அறிவித்தபோது, ஏறக்குறைய அதே இடத்தில், சுமார் 39 ஒளியாண்டு தூரத்தில், ஏழு கோள்களோடு ஒரு பழுப்புக் குள்ளன் ஆட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்தது. பெயரை மாற்றி, கொஞ்சம் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

நியூட்ரான் விண்மீனிலிருந்து பீறிடும் கூம்பில் நுழைந்தால் ஒரு ஜம்ப் நாலு மடங்கு நீளும். ஆனாலும் அது கப்பலைச் சேதப்படுத்தும், உனக்கு இப்போதைக்கு வேண்டாம், ஸ்கேன் செய்ததெல்லாம் கப்பலில்தான் இருக்கிறது. கப்பல் வெடித்தால் விற்காத தரவு அத்தனையும் போச்சு. வழியில் நிலையம் எதிர்ப்பட்டால் தரவை அங்கே விற்றுவிட்டுப் போ.

உன் பெயரோடு முதல் கோள் கிடைத்ததும் அமைப்பின் பெயரை முழுசாக எழுதி அனுப்பு, நானும் வருகிறேன். ஜாய்ஸ்டிக் வாங்குவதாகச் சொன்னாயே, வாங்கிவிட்டாயா? வாங்கவில்லை என்றால் என் பழையதை அனுப்பி வைக்கிறேன். ஒரு பொத்தான் மட்டும் சிக்கும்.

அன்புடன்,
ரகு