சிட்டம்பட்டி டீக்கடை அக்காவுக்கு

அப்பா கிடைத்துவிட்டார். நேற்று இரவு நன்றாகத் தூங்கினார், காலையில் மூன்று இடியாப்பம் சாப்பிட்டார். இரண்டு நாளாக எங்களோடு சேர்ந்து தவித்த எல்லாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருக்கும் மதுரை ஆனையூர் அகதிகள் முகாமிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை என்று அலைந்த தம்பிகள், அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தவர்கள், புகாரை வாங்கிக்கொண்டு எனக்குத் தண்ணீரும் கொடுத்த பெண் காவலர், காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன்மார், எல்லாரையும் நேரில் வந்து பார்ப்பேன். இன்று எழுத உட்கார்ந்தது சிட்டம்பட்டி டோல்கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்காக.

அக்கா, அன்று அவசரத்தில் உங்களிடம் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். அப்பா இலங்கையில் வன்னிப் பக்கத்து மாங்குளத்துக்காரர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற கண்டி வீதியில் லொறி ஓட்டியவர். அந்த ரோட்டின் நடுப்பகுதி புலிகள் கையில் இருந்ததால், யாழ்ப்பாணத்தில் இருந்த இலங்கை ஆமிக்குக் கப்பலும் விமானமும் விட்டால் சாமான் போக வேறு வழியில்லை. தரைவழி ஒன்றைப் பிடித்தாக வேண்டும் என்று 1997 மே 13-ல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி நோக்கிக் கிளம்பினார்கள். ‘ஜயசிக்குறு’ என்று பெயர், வெற்றி நிச்சயம் என்று அர்த்தம். 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ரோடு, அவ்வளவுதான். 1998 பிப்ரவரி 4, சுதந்திரப் பொன்விழாவுக்குள் திறந்துவிடுவோம் என்றார்கள். அந்த நாளும் போனது. செப்டம்பர் கடைசியில் மாங்குளத்தைப் பிடித்த அதே நாட்களில் கிளிநொச்சி ஆமியின் கையை விட்டுப் புலிகளிடம் போனது. டிசம்பரில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஒன்றரை வருஷம் சண்டை போட்டுப் பிடித்த இடங்கள் மறு வருஷம் நவம்பரில் சில நாட்களுக்குள் திரும்பிப் போயின. அந்த ரோட்டுக்காக இரண்டு பக்கமும் செத்தவர்கள் எல்லாம் பிள்ளைகள், அக்கா. இருபது வயது, இருபத்திரண்டு வயது.

நாங்கள் அப்போது மல்லாவிப் பக்கம் மரத்தடியில் கிடந்தோம். வன்னிக்குள் பற்றரி (பேட்டரி) கொண்டுபோக ஆமி விடாது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவில் வயரைக் கொடுத்து அப்பா ரேடியோ கேட்பார். பெடலைச் சுற்றுவது நான். செய்தி முடிந்ததும் யாரையாவது பார்த்து, “பாதை எப்ப திறப்பினம்?” என்பார். இப்போது நினைவு தடுமாறிய பிறகு அந்த ஒரு கேள்விதான் அவரிடம் மிச்சம்.

டோல்கேட்டின் தடுப்புக் கம்பு ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். சோதனைச் சாவடி என்று நினைத்து வரிசையில் நிற்பது போல ஓரமாக நின்றிருக்கிறார். உங்களிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். நீங்கள் சிரிக்கவில்லை. “இன்னைக்குத் திறக்க மாட்டாகளாம் ஐயா, காலையிலதானாம். அதுவரைக்கும் இப்படி உட்காருங்க” என்று ஸ்டூலை எடுத்துப் போட்டீர்கள். அவர் முகாம் அட்டையை நீட்டியபோது வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, “சரியா இருக்கு, பத்திரமா வைங்க” என்று திருப்பிக் கொடுத்தீர்கள். பின்பக்கம் நாங்கள் எழுதியிருந்த நம்பரை அப்படித்தான் பார்த்தீர்கள். போனில்கூட “உங்க அப்பா இங்க பாதை திறக்கக் காத்துக்கிட்டிருக்காரு, பதறாம வாங்கம்மா” என்றுதான் சொன்னீர்கள். காணாமல் போனவர், புத்தி தடுமாறியவர் என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை.

இட்லிக்கு நான் பணம் நீட்டியதும் மறுத்தீர்கள். ஆனால் டீக்கு அப்பா கொடுத்த பத்து ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டிருந்தீர்கள். அது ஏன் என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் கையேந்தாதவராக அப்பாவை அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருந்தீர்கள். மகள் நான் அதைச் செய்யவில்லை, அக்கா. “பாதை 2002-லேயே திறந்தாச்சு, சண்டையே முடிஞ்சு எத்தனை வருஷம், பேசாம இருங்க அப்பா” என்று ஒவ்வொரு நாளும் அவரை அதட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் முகம் செத்துப்போகும். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

இன்று காலையும் கேட்டார். “நாளைக்குத் திறப்பினமாம் அப்பா” என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப மண்ணெண்ணெய் கொஞ்சம் எடுத்து வை பிள்ளை, லொறிக்கு ஊத்த வேணும்” என்றார். சரி அப்பா என்றேன்.