டிஸ்சார்ஜ் என்றால் தயார் என்றா அர்த்தம்?

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்கு நிமோனியா தணிந்து வருகிறது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் ஆகலாம் என்றும், அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். பயப்படாதே என்று நான் சொல்லப்போவதில்லை.

டாக்டர் பார்ப்பது காய்ச்சல் விட்டதா, ஆக்சிஜன் வைக்காமலே மூச்சு சீராக இருக்கிறதா, ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறலாமா என்பதைத்தான். அவர் வேலை அது. ராத்திரி தனியாக எழுந்து பாத்ரூம் போக முடியுமா என்பதெல்லாம் ரவுண்ட்ஸில் அடிபடாது. உன் வீட்டுக்காரரைக் கேட்டாலோ "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். வீட்டுக்குப் போகும் ஆசையில் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேரை வார்டில் பார்த்திருக்கிறேன்!

அமெரிக்காவில் மேரியன் வைஸ் என்ற நர்சிங் பேராசிரியர் வீட்டுக்குப் போக ஒருவர் தயாரா என்பதை அளக்கவே ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். உடல்நிலையோடு, என்னென்ன தெரிந்திருக்கிறது, சமாளிக்கத் தெம்பு உண்டா, வீட்டில் துணைக்கு யார் என்பதையும் அது கேட்கும். கடைசிக் கேள்விக்கு உன் வீட்டில் பதில் நீ ஒருத்திதான். அதனால் உன்னையும் யாராவது கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2013இல் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற இதய மருத்துவர் எழுதியது எனக்கு மறக்கவே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி முப்பது நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆகிறவர்களில் பலர், முதலில் வந்த நோய்க்காக வருவதில்லையாம். ஆஸ்பத்திரியில் தூக்கம் கெட்டு, சரியாகச் சாப்பிடாமல், படுத்தே கிடந்து தசை தளர்ந்து போவதால், கொஞ்ச காலம் உடம்பு எதையும் தாங்காது என்கிறார். அதனால் இப்போதே அவரைக் கைப்பிடித்து வராந்தாவில் நடக்க விடலாமா என்று நர்ஸிடம் கேள்.

மருந்துதான் பெரிய குழப்பம். வீட்டிலுள்ள பழைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்துப் போ. புதுச் சீட்டோடு வைத்து, எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. நர்ஸ் "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டிவிடாதே, புரிந்ததை உன் வாயால் திருப்பிச் சொல். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மூச்சு வாங்கினால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்.

இங்கே எனக்கு மூட்டுவலி தவிர விசேஷம் ஒன்றுமில்லை. ரிட்டயர் ஆன பிறகும் நர்ஸ் புத்தி போகவில்லை, பார்த்தாயா! டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் போன் பண்ணு. ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
மீனா