14-ஆம் பாரம் எங்கே? மருத்துவ நாவல் குறித்து இறுதிப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், தஞ்சாவூர் (ரசீது நகலும் ஆர்டர் விவரமும் இணைப்பில்)

பெறுநர்: குறைதீர் அலுவலர், இணைய விற்பனைப் பிரிவு

பொருள்: 16 பக்கங்கள் இல்லாத நாவல் பிரதி, நீக்கப்பட்ட வாசகர் கருத்து, உங்கள் ஊழியரின் பேச்சு

ஐயா,

வணக்கம். இந்தப் புத்தகத்துக்காக நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் “தங்கள் கருத்துக்கு நன்றி” என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

எந்த நாவல் என்று மறுபடியும் நீட்டி விளக்கப்போவதில்லை. பர்கரில் இருந்த கிருமியால் ஒரு குழந்தை நோயுறும் கதை. நீங்களே மொழிபெயர்க்கச் செய்து, நீங்களே அச்சிட்டு, “பர்கரில் ஒளிந்த மரணம்” என்று பின்னட்டையில் போட்டு விற்கிற நூல், உங்களுக்குத் தெரியாததா?

குறை இதுதான். 193 முதல் 208 வரையிலான பக்கங்கள் இரண்டு தடவை இருக்கின்றன. 209 முதல் 224 வரை இல்லவே இல்லை. பதினாறு பக்கம் வரும்படி மடித்த தாள்தான் ஒரு பாரம். அதாவது 13-ஆம் பாரம் இரண்டு, 14-ஆம் பாரம் காணோம். திருப்பி அனுப்பி வாங்கிய மாற்றுப் பிரதியும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. பாரம் சேர்க்கும் மேசையில் 14 இருக்க வேண்டிய இடத்தில் 13-ஆம் பாரத்தின் அடுக்கை வைத்துவிட்டால், யாராவது கவனிக்கும்வரை சேர்த்த பிரதி எல்லாம் இப்படித்தான் வரும். இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு பாரத்தின் முதுகு மடிப்பிலும் கறுப்புக் குறி அச்சிடுவார்கள். அட்டை ஒட்டுவதற்கு முன் அடுக்கிப் பார்த்தால் அது படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்க வேண்டும். ஒரு படி இரண்டு தடவை வந்து அடுத்த படி விட்டுப்போயிருந்தால் கண்ணுக்கே தெரியும். அட்டை ஒட்டிய பிறகு முதுகு மறைந்துவிடும். அப்போது பக்க எண்ணைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் உங்கள் இடத்தில் யாரும் செய்யவில்லை.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் வாடிக்கையாளர் சேவை ஊழியர் சொன்ன பதில்: “பதினாறு பக்கம்தானே சார், கதை புரியுதுல்ல?” புரியவில்லை என்றேன். “கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு அலட்டலா?” என்று இணைப்பைத் துண்டித்தார். அழைத்த தேதியும் நேரமும் இணைப்பில் உள்ளன. பதிவை எடுத்துக் கேளுங்கள்.

எந்தப் பதினாறு பக்கம் என்று அவருக்குத் தெரியுமா? ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு போவதில் 208 முடிகிறது. 225-இல் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் இருந்தவைதான் நாவலின் உயிர். மல மாதிரியை, சார்பிட்டால் என்ற சர்க்கரை கலந்த கிருமி வளர்ப்புத் தட்டான சார்பிட்டால் மெக்கான்கி அகாரில் பூசுகிறார்கள். ஓ157:எச்7 வகை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா சார்பிட்டாலைப் புளிக்க வைக்காது என்பதால் கிருமிக் காலனிகள் நிறமில்லாமல் வளர்கின்றன. அடுத்தடுத்த நாட்களில் பிளேட்லெட் சரிகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுகிறது. பெற்றோர் கெஞ்சியும் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தர மறுத்து, ஏன் என்று விளக்குகிறார். இந்தக் கிருமியின் ஷிகா நச்சுக்கான மரபணு அதற்குள் உறங்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில ஆன்டிபயாட்டிக்குகள் அந்த வைரஸைத் தட்டி எழுப்பி, நச்சைப் பெருக்கிவிடக்கூடும். அதனால்தான் இந்தத் தொற்று என்று சந்தேகம் இருக்கும்போது மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் கூடாது; குடலின் ஓட்டம் குறைந்தால் நச்சு உள்ளேயே தங்கும். நரம்பு வழியாகத் திரவம், தினசரி இரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ், இவைதான் சிகிச்சை.

இப்போது உங்கள் தளத்தில் இதே நூலுக்கு வந்துள்ள வாசகர் கருத்துகளைப் படியுங்கள். “டாக்டர் கடைசிவரை ஆன்டிபயாட்டிக்கே போடவில்லை, கதையில் பெரிய ஓட்டை” என்று ஒருவர். “என் பிள்ளைக்கு இப்படி வந்தால் முதல் வேலையாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பேன், இந்த டாக்டரை நம்பமாட்டேன்” என்று இன்னொருவர், ஐந்து நட்சத்திரத்தோடு. அவர்கள் மேல் தப்பே இல்லை. விளக்கம் இருந்த பக்கங்களை நீங்கள் அவர்களுக்குத் தரவில்லை! எத்தனை வீடுகளுக்கு இந்த லாட் போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கருத்துகளே சாட்சி.

இதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கருத்தை இரண்டே நாளில் நீக்கினீர்கள். காரணம், “மருத்துவ ஆலோசனை அடங்கியுள்ளது”. தவறான ஆலோசனை ஐந்து நட்சத்திரத்தோடு நிற்கிறது, அதைத் திருத்தியது போய்விட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் இணைய நுகர்வோர் கருத்துகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அது கட்டாயமில்லை என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லும். சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 58-ஆம் பக்கத்தில் அரைத்த மாட்டிறைச்சி “160 டிகிரி செல்சியஸில்” வேக வேண்டும் என்று இருக்கிறது. மூலத்தில் 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். இறைச்சியின் நடுப்பகுதி 160 செல்சியஸை எட்டினால் அது கரி. இந்த எண் சாதாரண எண் அல்ல. 1993-இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் பர்கரால் 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று 4 குழந்தைகள் இறந்த பிறகு, பர்கரை எவ்வளவு சூட்டில் வேகவைப்பது என்று அந்த நாட்டில் பெரிய வாதமே நடந்தது. அரைத்த இறைச்சியில் ஓ157:எச்7 இருந்தாலே அது கலப்படம் என்று அமெரிக்க வேளாண் துறை 1994-இல் அறிவித்ததும் அதன் தொடர்ச்சிதான். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில் இருக்கும், வெளியே சுட்டால் சாகும். அரைத்தால் உள்ளே முழுக்கக் கலந்துவிடும். மேலே பழுப்பாவதை வைத்து முடிவுசெய்யக் கூடாது, வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகிப் பார்க்க வேண்டும். “பழுப்பாக வெந்த பர்கர் எப்படி நோய் தரும், லாஜிக் இடிக்கிறது” என்று இன்னொரு வாசகர் எழுதியிருப்பதற்கும் உங்கள் 58-ஆம் பக்கமே பொறுப்பு. 41-இல், அரைவேக்காடு என்று இருக்க வேண்டிய இடத்தில் “அரிதான பர்கர்”. 63-இல் மல மாதிரி வளர்ப்புச் சோதனை “மலக் கலாச்சாரம்” ஆகியிருக்கிறது. மருத்துவம் தெரிந்த ஒருவர்கூட மெய்ப்பு பார்க்கவில்லையா?

திருச்சி கிளைக்கு நேரில் கொண்டுவந்தால் உடனே மாற்றித் தருவதாக உங்கள் மின்னஞ்சல் சொன்னதையும் எழுத விட்டுவிட்டேன். விடுப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு பிரதிகளையும் சுமந்து போனேன். அது பள்ளிப் பாடநூல் கிடங்கு, நாவல் எதுவும் இங்கே கிடையாது என்று வாசலிலேயே காவலாளி சொன்னார். அவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்; உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அங்கிருந்தே உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது அதே ஊழியர். “கதை புரியுதுல்ல” என்றவரே. “போனது உங்க தப்பு” என்றார்.

ஐயா, உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் எனக்கில்லை. தமிழில் மருத்துவ நாவல் வெளியிடுவது நல்ல காரியம், அதனால்தான் விலை பார்க்காமல் வாங்கினேன். ஆனால் இந்த மூன்று மாதத்தில் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு உங்கள் அச்சகத்தையே விற்றுக் கொடுத்தாலும் ஈடாகாது.

15 நாளுக்குள் நான் எதிர்பார்ப்பவை: பக்கம் சரிபார்த்த முழுப் பிரதி, அல்லது 14-ஆம் பாரத்தை மட்டும் தனியாக அச்சிட்டு, வாங்கிய எல்லோருக்கும் அனுப்புதல், 41, 58, 63 பக்கங்களுக்குப் பிழைதிருத்தச் சீட்டு, என் கருத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் மீண்டும் வெளியிடுதல், அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு. நூலகங்களுக்குப் போன பிரதிகளையும் திரும்பப் பெறுங்கள்.

தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் சேர்த்து வழக்கு போடுவேன். 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்கிறேன்.

மாற்றுப் பிரதி அனுப்புவதாக இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் கூரியர் வரச் சொல்லுங்கள். 209-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்