பால் ஒத்துக்கொள்ளாதது நோயல்ல

ஆசிரியருக்கு வணக்கம். பால் குடித்தாலே வயிறு உப்பிப் பொருமுகிறதே என்று ஐம்பது வயதுவரை என் குடலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். (சாக்கு சொல்கிறேன் என்று வீட்டில் பேச்சு வேறு.) அப்புறம்தான் தெரிந்தது, தாய்ப்பால் மறந்தபின் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோவதுதான் பாலூட்டிகளின் வழக்கம், உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்களுக்கும் இதே கதைதான். மாடு வளர்த்த சில கூட்டங்களில் மட்டும், கடந்த 10,000 ஆண்டுகளுக்குள், ஒரு மரபணு மாற்றம் பரவி அந்த நொதியை வளர்ந்த பின்னும் சுரக்கவைத்தது. வட ஐரோப்பாவில் அது மிக அதிகம், இந்தியாவில் வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. தயிரில் அந்தச் சர்க்கரையைப் பாக்டீரியா கொஞ்சம் தின்றுவிடுகிறது, அதனால்தான் மோர் எனக்குத் தொல்லை தந்ததேயில்லை. சரி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பால் வேண்டாமென்றால் டம்ளரோடு ஏன் துரத்துகிறோம்?

- ஒரு வாசகர், திருநெல்வேலி