பதுங்கித் தாக்கினால் ஒரு சுற்று இலவசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் பலர், பதுங்கியிருந்து தாக்கும் அணிக்கு ஒரு சுற்று முழுக்க இலவசம் என்று நினைக்கிறார்கள். அதன் ஐந்தாம் பதிப்பில் அப்படி ஒன்று கிடையாது.

அந்தப் பதிப்பின் 2014 விதிப்படி, ஒளிந்திருக்கும் ஒவ்வொருவரும் ஸ்டெல்த்துக்கு (பதுங்கும் திறன்) பகடை உருட்ட வேண்டும். அதை எதிராளிகள் ஒவ்வொருவரின் பாஸிவ் பெர்செப்ஷனோடும் (பகடை உருட்டாமலே இருக்கும் கவனிக்கும் திறனின் எண்) ஒப்பிட வேண்டும். பாஸிவ் பெர்செப்ஷன் 13 உள்ள காவலாளி, ஸ்டெல்த்தில் 12 எடுத்த ஒரே ஒருவரைக் கவனித்துவிட்டாலும் திடுக்கிடமாட்டான். பக்கத்தில் 9 வைத்துக்கொண்டு தூங்கிவழிபவன் திடுக்கிடுவான்.

பிறகு எல்லோருக்கும் இனிஷியேட்டிவ், அதாவது யார் முறை முதலில் என்று முடிவுசெய்யும் பகடை. திடுக்கிட்டவர் தன் முதல் முறையில் நகரவோ செயல்படவோ முடியாது. அந்த முறை முடியும்வரை, பிறர் செய்வதற்கு உடனே பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷனும் கிடையாது. சச்சரவு கிளம்புவது இங்கேதான். இனிஷியேட்டிவில் எதிரியான கோப்ளின் (குட்டிப் பூதம்) முந்திவிட்டால், அம்பு பாயும் முன்பே அதன் முதல் முறை முடிந்து, திகைப்பு தீர்ந்துவிடும். திடுக்கிட்டவர்மேல் அசாசின் (கொலையாளிக் கதாபாத்திரம்) நம்பியிருந்த உறுதியான கிரிட்டிக்கலும் (சேதப் பகடை இரட்டிப்பாகும் அடி) போச்சு. இதைத் தவிர்க்க, சில ஆட்ட நடத்துநர்கள் முதல் அம்பை இனிஷியேட்டிவுக்கு வெளியே விட அனுமதிக்கிறார்கள். அதுதான் தவறு: அதே சலுகை கோப்ளின்களுக்கும் போனால், முதல்நிலை மந்திரவாதி கையை அசைக்கும் முன்பே விழுந்துவிடுவார்.

அதே பதிப்பின் திருத்திய 2024 விதி எளிது. திடுக்கிட்டவர் இனிஷியேட்டிவுக்கு இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். யாருடைய முறையும் பறிபோகாது. புதிதாக ஆட வருபவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கலாம்.

– ஒரு வாசகர்