சிந்தனையாளர்களை அவர்களுடைய சண்டைகளோடு சேர்த்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சமூக அறிவியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் புத்தகங்களை வைத்துப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறவர் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ரூசோ என்றால் சமூக ஒப்பந்தம். மால்தஸ் என்றால் மக்கள்தொகை. மில் என்றால் தனிமனிதச் சுதந்திரம். மார்க்ஸ் என்றால் வர்க்கப் போராட்டம். சமுதாயம், முன்னேற்றம் என்று பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் இதே வரிசைதான். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், ‘பொருத்துக’ பகுதியில் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் இவர்களெல்லாம் யாருக்குப் பதில் சொல்வதற்காகப் பேனாவை எடுத்தார்கள் என்று கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. புத்தகத்தில் அது இல்லை.

முன்னேற்றம் என்ற எண்ணம் எந்த மேதையின் தலையிலும் முழுசாக உதித்துவிடவில்லை. ஒருவர் எழுதியதைப் படித்து இன்னொருவர் கொதித்தெழுந்து மறுத்தார். அந்த மறுப்பை மூன்றாமவர் பிடித்துக்கொண்டு வேறொரு திசையில் போனார். அந்த வழக்கையே எடுத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் நாம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம்.

பல பாடநூல்களில் பெயர்கூட இல்லாத கோந்தோர்சேயை எடுத்துக்கொள்ளுங்கள். கணித மேதை. பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் நின்றவர். பெண்களுக்கும் குடியுரிமை வேண்டும் என்று 1790-லேயே எழுதியவர். 1793 ஜூலையில் அந்தப் புரட்சி அரசே அவரைக் கைது செய்ய ஆணையிட்டது. பாரிஸில் வெர்னே என்ற விதவைப் பெண்மணி, தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும், அவரைத் தன் வீட்டில் மறைத்துவைத்தார். அங்கே உட்கார்ந்துதான் மனித அறிவு வளர்ந்த வரலாற்றைப் பத்துக் காலகட்டங்களாகப் பிரித்து எழுதினார் கோந்தோர்சே. ஒன்பது நடந்து முடிந்தவை. பத்தாவது இனி வரப்போவது: நாடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு ஒழியும், ஒரே நாட்டு மக்களுக்குள் சமத்துவம் வளரும், மனிதரும் மேலும் மேலும் மேம்படுவார்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது எழுதிய நம்பிக்கை அது. வெறும் ஆசையாகவும் அவர் அதை விட்டுவிடவில்லை. நிகழ்தகவுக் கணக்கைப் பயன்படுத்தி முதியோருக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் நிதி ஏற்பாடு செய்ய முடியும் என்று வழியும் காட்டினார். ஓய்வூதியம் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் இந்த இடத்தைத்தான் சொல்லிக்காட்டுவேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1794 மார்ச்சில் அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். ஓரிரு நாளில் பிடிபட்டார். சிறைக்குள் பிணமாகக் கிடந்தார். 1795-ல் நூல் அச்சேறியபோது, அவரை வேட்டையாடிய அதே புரட்சி நாடாளுமன்றம் 3,000 பிரதிகளை வாங்கி விநியோகிக்கப் பணம் ஒதுக்கியது.

இதற்கு வந்த மறுப்புதான் மால்தஸ். 1798-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த அவருடைய மக்கள்தொகைக் கட்டுரையின் நீண்ட தலைப்பிலேயே கோந்தோர்சேயின் பெயரும், அவரைப் போலவே மனித முன்னேற்றத்தை நம்பிய ஆங்கில எழுத்தாளர் வில்லியம் காட்வினின் பெயரும் இருக்கின்றன. ஒரு நண்பரோடு நடந்த உரையாடலிலிருந்து பிறந்தது என்று முன்னுரை சொல்கிறது. அந்த நண்பர் அவருடைய அப்பாதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மக்கள்தொகை பெருக்குத் தொடரில் ஏறும், உணவு கூட்டுத் தொடரில்தான் ஏறும் என்பதை நாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை வைத்து அவர் நிறுவ வந்தது என்ன என்பதை விட்டுவிடுகிறோம். சமத்துவச் சமுதாயம் நிலைக்காது என்பதற்கான வாதம் அது. ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுத்தால் ஏழைகள்தான் பெருகுவார்கள் என்று அவர் வாதிட்டார். இங்கிலாந்தில் 1834-ல் நிவாரணத்தை இறுக்கிய ஏழையர் சட்டத்துக்குப் பின்னால் அந்தச் சிந்தனை இருந்தது. நான்கே ஆண்டில், 1838-ல், அதே கட்டுரையைப் படித்த டார்வினுக்கு இயற்கைத் தேர்வுக்கான திறவுகோல் கிடைத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மக்கள்தொகை உணவை மிஞ்சிவிடுமோ என்ற கேள்வியை கோந்தோர்சேயே எழுப்பியிருந்தார். அறிவு வளர்ந்த மக்கள் பிறப்பைத் தாங்களே மட்டுப்படுத்திக்கொள்வார்கள் என்று பதிலும் சொல்லியிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் யார் சொன்ன பக்கம் போயிருக்கிறது என்று விவாதிக்க ஒரு பாடவேளை போதாது.

மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டின் புத்தகமோ வெளிப்படையாகவே ஒரு பதில். பெண்ணுரிமை பற்றிய அவருடைய நூல் 1792-ல் வந்தது. பிரான்சுக்குப் பொதுக்கல்வித் திட்டம் தீட்டிய டாலிராண்டை நோக்கிய கடிதத்தோடு அது தொடங்குகிறது. அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு வீட்டோடு ஒட்டிய கல்விதான். பகுத்தறிவு இருவருக்கும் பொது என்றால், தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஆணுக்கு மட்டும் யார் கொடுத்தது என்று கேட்கிறார். ஆணுக்கு இனியவளாக இருக்கவே பெண்ணை வளர்க்க வேண்டும் என்ற ரூசோவையும் விடவில்லை. நாம் ரூசோவைச் சமத்துவத்தின் குரலாக மட்டும் காட்டுகிறோம். வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த மறு பக்கம் தெரிய வேண்டாமா?

மில் விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்வேன். சுதந்திரம் பற்றிய 1859-ஆம் ஆண்டு நூலில், இந்தக் கோட்பாடு ‘பின்தங்கிய’ சமுதாயங்களுக்குப் பொருந்தாது, முன்னேற்றமே நோக்கமாக இருந்தால் அங்கே சர்வாதிகாரமும் நியாயம்தான் என்று அவர் எழுதியிருக்கிறார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். அதே மில்தான் 1867-ல் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து தோற்றார். இரண்டும் ஒரே மனிதர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். புரிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

எழுதியவர்களைப் போலவே படித்தவர்களும் இந்த வரலாற்றில் முக்கியம். ‘மனித உரிமைகள்’ நூலை எழுதிய தாமஸ் பெயினைப் படித்து வளர்ந்த மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே, 1873-ல் தன் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். மனித உரிமை என்று வேறெங்கோ எழுதப்பட்டதைச் சாதிக்கு எதிராகத் திருப்பியவர் அவர். உங்கள் புத்தகங்களில் பெயின் ஒரு பாடத்தில் இருக்கிறார், புலே வேறொரு பாடத்தில் இருக்கிறார். இருவரையும் இணைக்கும் ஒரு வரி இல்லை.

பக்கம் போதாது என்பீர்கள். பத்துப் பேர் வேண்டாம், நான்கு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் கொடுங்கள்: யாருக்குப் பதிலாக எழுதினார், அவருடைய ‘எல்லோரும்’ என்பதில் யாரெல்லாம் சேரவில்லை, அவரைப் படித்துவிட்டு யார் என்ன செய்தார். அதோடு மூல நூலிலிருந்து அரைப் பக்கம், எளிய தமிழில். கேள்வித்தாளிலும் ‘பொருத்துக’வுக்குப் பதிலாக, கோந்தோர்சேயின் ஒரு பத்தியையும் மால்தஸின் ஒரு பத்தியையும் அருகருகே அச்சிட்டு, எவர் வாதம் வலுவானது, ஏன் என்று கேளுங்கள். திருத்துவதற்கு நேரம் கூடும்தான். அந்த வேலையைச் செய்ய ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

அடுத்த பதிப்புக்கான வரைவு தயாராகும்போது வகுப்பறை ஆசிரியர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வுல்ஸ்டன்கிராஃப்ட்டின் அந்த முன்கடிதத்தைத் தமிழாக்கி, மாணவர்களோடு படித்துப் பார்த்து, புரியாத இடங்களைக் குறித்து உங்களுக்கு அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்